முப்புரி கண்ட பேராசிரியர்

மாணவர் இருவர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே வினாவில் வந்து நிற்கும். படித்து முடித்தபின் என்ன செய்வது? இந்த வினா எழாத இரவு நம் விடுதியில் இல்லை. பௌதிகம் படிப்பவர் உயிரியல் பக்கம் போயிருக்கலாமோ என்று எண்ணுகிறார். உயிரியல் படிப்பவர் கணக்கை விடாமல் பிடித்திருந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்குகிறார். நானோத் தொழில்நுட்பம், செயற்கை உயிரியல் என்னும் இரண்டு பெயர்கள் எல்லார் வாயிலும் உலவுகின்றன. அந்தக் கதவுகளின் சாவி எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

விளங்காதவர்களுள் நானும் ஒருவன். நெல்லைச் சீமையிலிருந்து மலை கடந்து, விஞ்ஞானத்தில் முதுகலை படிக்கத் திருவனந்தபுரம் வந்தவன். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதெல்லாம் என் தந்தையார் கேட்பது ஒன்றே. இந்தப் படிப்புக்கு எந்த ஆபீசில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார். அவர் கேட்பதில் குறை சொல்ல இடமில்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்தவர் கேட்கத்தான் செய்வார். விடை சொல்ல எனக்குத்தான் தெரியவில்லை. அந்த விடையைத் தேடி நூலகத்தில் புரட்டிக் கொண்டிருந்தபோது ஒரு மனிதரின் வாழ்க்கை கண்ணில் பட்டது. நாற்காலி எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. நாற்காலியைவிடப் பெரிய ஒன்றைச் சொல்லியது. அதை நம் மன்றத்து நண்பர்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

அவர் பெயர் கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன். விஞ்ஞான உலகம் ஜி. என். இராமச்சந்திரன் என்று அழைக்கும். நெல்லைச் சீமையில் கோபாலசமுத்திரம் என்ற பெயரில் ஓர் ஊர் உண்டு என்பதை அப்பக்கத்து நண்பர்கள் அறிவார்கள். தமிழ்க் குடும்பத்தில், மலையாள மண்ணில் பிறந்து, சென்னையிலே பெரும்பணி ஆற்றிய இவர் 2001இல் மறைந்தார். தமிழகத்திலிருந்து இங்கே வந்து படிக்கும் நமக்கு இவர் வாழ்வில் ஒரு தனி உறவு இருக்கிறது.

பிறப்பும் இளமையும்

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பின்னர் அக்கல்லூரியின் தலைவராகவும் விளங்கியவர். தாயார் இலட்சுமி அம்மாள். வீட்டிலேயே ஒரு கணித ஆசான் இருந்ததால், பிள்ளைக்கு எண்களும் உருவங்களும் விளையாட்டுப் பொருள்களாயின. பிற்காலத்தில் உலகமே வியந்த ஆராய்ச்சிக்கெல்லாம் அடிப்படை இந்த வீட்டுக் கணக்குத்தான்.

பள்ளிப் படிப்பை எர்ணாகுளத்தில் முடித்தவர், 1939இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்து புனித வளனார் கல்லூரியில் பௌதிக ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். 1942இல் சென்னை மாகாணத்திலேயே முதல் மாணவராகத் தேறினார்.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. நன்றாகப் படித்த மகன் அரசாங்க உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது அக்காலத்துத் தந்தையர் எல்லாருக்கும் இருந்த ஆசை. நாராயண ஐயரும் அதற்கு விலக்கல்லர். ரயில்வே எஞ்சினீயர் பதவிக்கான தேர்வை எழுத மகனை டெல்லிக்கு அனுப்பினார். மகன் போனார், எழுதினார், வேண்டுமென்றே தோற்றுத் திரும்பினார் என்று அவரை அறிந்தோர் கூறுவர். நம்மில் பலர் வேண்டாமலே தோற்பவர்கள். ஆகையால் இந்தச் செயலை யாரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டா! ஆனால் தனக்கு எது வேண்டாம் என்பதை இருபது வயதிலேயே அவர் ஐயமின்றி அறிந்திருந்தார் என்பது கருதத் தக்கது.

இராமனின் நிழலில்

அதே 1942இல் பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இராமச்சந்திரன் சேர்ந்தார். சேர்ந்த துறை எது தெரியுமா? மின்சாரப் பொறியியல். வேலைக்கும் உதவும், மனத்துக்கும் ஒத்து வரும் என்று இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் தேர்ந்திருந்தார் போலும்! ஆனால் அங்கே பௌதிகத் துறையில் இருந்தவர் சர் சி. வி. இராமன். சில நாள் பேச்சிலேயே இந்த இளைஞர் யார் என்பதை இராமன் கண்டு கொண்டார். மின்சாரத் துறைத் தலைவரிடம் பேசி, இளைஞரைத் தம் துறைக்கு மாற்றிக் கொண்டார்.

இராமனிடம் அவர் கற்றவை ஒளியும் படிகங்களும். வைரம் முதலிய படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். ஒரு படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால், உள்ளே வரிசை வரிசையாக நிற்கும் அணுக்கள் அக்கதிரைச் சிதறடித்துப் படத்தாளில் புள்ளிகளாகப் பதிய வைக்கும். அந்தப் புள்ளிகளைக் கொண்டு அணுக்கள் எங்கே நிற்கின்றன என்று கணக்கிட வேண்டும். நிழலைப் பார்த்து உருவத்தைச் சொல்லும் வித்தை இது. இந்த வித்தைக்குக் கண் கூர்மை போதாது, கணக்கும் வேண்டும். எர்ணாகுளத்து வீட்டில் கற்ற பாடம் இங்கே கை கொடுத்தது. 1944இல் முதுகலைப் பட்டமும் 1947இல் டி.எஸ்ஸி. பட்டமும் சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு வழங்கியது.

1947இல் கேம்பிரிட்ஜ் சென்றார். புகழ் பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் வூஸ்டர் என்பவரிடம் இரண்டே ஆண்டுகளில் இன்னொரு முனைவர் பட்டம் பெற்றார். அங்கே லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க இரசாயன அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பும் கிட்டியது. உயிர்ப் பொருள்களின் மூலக்கூறுகளையும் அளந்து, அமைப்பைக் கண்டு, மாதிரி செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் புதியது. அந்த விதை பௌதிகம் படித்த நம்மவர் மனத்திலும் விழுந்தது. 1949இல் பெங்களூர் திரும்பி உதவிப் பேராசிரியரானார்.

கிண்டியில் ஒரு தொடக்கம்

அப்போது சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். பல்கலைக் கழகத்தில் புதிதாக ஒரு பௌதிகத் துறையை அமைக்க விரும்பிய அவர், அதற்குத் தலைமை தாங்க இராமனையே அழைத்தார். இராமன் தாம் வர இயலாமல், தம் மாணவர் இராமச்சந்திரனைச் சுட்டிக் காட்டினார். 1952இல், முப்பதாவது வயதில், இராமச்சந்திரன் கிண்டிக்கு வந்து துறைத் தலைவரானார். முப்பது வயதுப் பேராசிரியர்! வெறுமையான அறைகளும் ஒரு துணைவேந்தரின் நம்பிக்கையும்தான் தொடக்கத்தில் இருந்த மூலதனம்.

எதை ஆராய்வது? வைரத்தையே தொடர்ந்து ஆராய்ந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார். அவ்வேளையில் பெர்னால் என்ற அறிஞர் சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் சரிவரப் பிடிபடவில்லை என்று பேச்சினிடையே அவர் குறிப்பிட்டார். அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று.

கொலாஜன் எங்கோ இருக்கும் அபூர்வப் பொருளன்று. நம் தோல், எலும்பு, தசைநாண், கண்ணின் கருவிழிமுன் தோல் ஆகிய எல்லாவற்றிலும் அதுவே கட்டுக்கோப்பு. உடலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுதான். தோலைப் பதனிடுவது என்பதே கொலாஜனைப் பதப்படுத்துவதுதான். சென்னையில் பல்கலைக் கழகத்தின் கிண்டி வளாகத்தை அடுத்தே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மாதிரிப் பொருளுக்கு அயல்நாட்டை நாட வேண்டிய தேவை இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். இராமச்சந்திரன் தட்டினார். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜன் நல்ல தெளிவான எக்ஸ் கதிர்ப் படத்தைத் தந்தது.

முப்புரிக் கயிறு

துணையாக வாய்த்தவர் கோபிநாத் கர்த்தா என்ற கேரளத்து இளைஞர். இருவரும் படங்களை வைத்துக் கொண்டு கணக்கிட்டனர். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது இரசாயன ஆய்வால் தெரிந்திருந்தது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. அது ஏன் மூன்றில் ஒன்றாக வருகிறது? அமைப்பில் எங்கோ ஒரு மிகக் குறுகலான இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் கிளைசினைத் தவிர வேறு எதுவும் நுழைய முடியாது. அப்படியானால் மூன்று இழைகள் ஒன்றை ஒன்று நெருங்கி நிற்க வேண்டும். நெருங்கும் நடுவிடத்தில் கிளைசின் அமர வேண்டும்.

1954இல் நேச்சர் இதழில் அவர்களுடைய முதற் கட்டுரை வெளிவந்தது. மூன்று இழைகள் அருகருகே நிற்கும் அமைப்பு அது. ஆயினும் எக்ஸ் கதிர்ப் படத்தோடு அது முழுதும் பொருந்தவில்லை. நிலவு பூமியைச் சுற்றும்போது எப்போதும் ஒரே முகத்தையே பூமிக்குக் காட்டுகிறது அல்லவா? அந்த எண்ணமே அவருக்கு வழி காட்டியது என்பர். ஒவ்வோர் இழையும் தானும் சுருண்டு, மற்ற இரண்டோடும் சேர்ந்து முறுக்கிக் கொண்டால், கிளைசின் எப்போதும் நடுவையே நோக்கி நிற்கும். 1955இல் திருத்திய அமைப்பை வெளியிட்டனர். ஆலப்புழைப் பக்கம் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மூன்று புரியும் சேர்ந்து முறுக்கேறும்போதுதான் கயிற்றுக்கு வலிமை. நம் எலும்பிலும் தோலிலும் இயற்கை திரித்து வைத்திருப்பது முப்புரிக் கயிறு. அந்தக் கயிற்றின் கனம் சுமார் ஒன்றரை நானோமீட்டர். நீளம் சுமார் முந்நூறு நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.

நானோத் தொழில்நுட்பம் என்ற சொல்லை ஜப்பானிய அறிஞர் டானிகுச்சி 1974இல்தான் வழக்கிற்குக் கொண்டு வந்தார். அணுவளவில் பொருள்களை அமைக்கலாம் என்று அமெரிக்காவில் பெயின்மன் சொற்பொழிவு ஆற்றியது 1959இல். அதற்கெல்லாம் முன்பே, கிண்டியில், அப்பெயர் தெரியாமலே அப்பணி நடந்து கொண்டிருந்தது. பெயர் பின்னால் வந்தது; வேலை முன்னால் நடந்தது.

பழியைப் படியாக்கியவர்

புகழ் வந்த அதே ஆண்டில் எதிர்ப்பும் வந்தது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை 1953இல் வாட்சனோடு சேர்ந்து கண்டவரான கிரிக்கும், ரிச் என்ற அறிஞரும் கேம்பிரிட்ஜிலிருந்து கொலாஜனுக்குத் தங்கள் அமைப்பை 1955இல் வெளியிட்டனர். மூன்று இழை, முறுக்கு என்ற அடிப்படையில் சென்னைக் கருத்திலிருந்து அவர்கள் விலகவில்லை. ஆனால் சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றும், இழைகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமிலங்களுக்கு இரண்டன்று, ஒன்றே என்றும் அவர்கள் வாதிட்டனர்.

எண்ணிப் பாருங்கள். புதிதாகத் தொடங்கிய துறை. முப்பத்து மூன்று வயதுத் தலைவர். எதிரே உலகப் புகழ் பெற்ற ஆய்வுக்கூடம். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வெள்ளைக்காரர் நம்மை மதிப்பதில்லை என்று புழுங்கியிருப்போம். அல்லது தலை குனிந்து ஒதுங்கியிருப்போம். இராமச்சந்திரன் இரண்டையும் செய்யவில்லை. அந்தக் குற்றச்சாட்டுக்குள் ஒளிந்திருந்த வினாவை வெளியே எடுத்தார். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றால், அந்த அளவு எது? இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்வரை நெருங்கலாம்? அதை யாராவது முறையாக அளந்து வைத்திருக்கிறார்களா?

முறையாக வைத்தவர் யாரும் இல்லை. ஆகவே அவரே தொடங்கினார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்னும் மாணவர்கள் துணை நின்றனர். அதுவரை வெளிவந்திருந்த அமினோ அமிலப் படிகங்கள், சிறு பெப்டைடுகள் ஆகியவற்றின் அளவுகளையெல்லாம் தேடித் தொகுத்தனர். எந்த அணு எந்த அணுவோடு எத்தனை ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கியிருக்கிறது என்று பட்டியல் இட்டனர். பிறகு கணக்குத் தொடங்கிற்று. இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் செல்பேசியின் கணக்கு வலிமையில் சிறு பங்குகூட அவர்களுக்கு வாய்க்கவில்லை. பொறுமைதான் இருந்தது.

அவர்கள் கண்டது என்ன என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ஏனெனில் செயற்கை உயிரியலில் புகும் ஒவ்வொருவரும் கடக்க வேண்டிய வாயில் இது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தட்டையான அட்டை போன்றது, எளிதில் வளையாது. இரண்டு அட்டைகள் சேரும் மூட்டில் ஒரு கரி அணு இருக்கிறது. அதன் இரு பக்கமும் சங்கிலி திரும்ப முடியும். ஆகவே ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டே கோணங்கள். அவற்றைப் ஃபை என்றும் சை என்றும் குறித்தனர். இந்த இரண்டு கோணங்களும் எல்லா மூட்டுகளுக்கும் தெரிந்து விட்டால் சங்கிலியின் வடிவம் முழுவதும் தெரிந்து விடும்.

கோணம் எதுவாகவும் இருக்கலாமா? மாலை நேரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து காரியவட்டம் வரும் பேருந்தில் ஏறியவர்களுக்கு விடை தெரியும். நிற்க இடம் இருக்கும். ஆனால் நினைத்தபடி கையை நீட்ட முடியாது. சில நிலைகளில்தான் பிறர்மேல் இடிக்காமல் நிற்கலாம். அணுக்களும் அப்படியே. ஒரு கோணத்தைக் கிடையாகவும் மற்றொன்றை நெடுக்காகவும் வைத்து ஒரு சதுரம் வரைந்து, இடிபடாத இடங்களை மட்டும் குறித்தபோது, பெரும்பாலான அமிலங்களுக்குச் சதுரத்தில் நாலில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பரந்த கடலில் இரண்டு மூன்று தீவுகள் போல அந்த இடங்கள் அமைந்தன. புரதங்களில் காணப்படும் சுருள்களும் தகடுகளும் அத்தீவுகளிலேயே இருந்தன. பக்கக் கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் தீவுகள் விரிந்து கிடந்தன.

1963இல் இக்கட்டுரை வெளிவந்தது. அந்தச் சதுரத்தை உலகம் இராமச்சந்திரன் படம் என்று அழைக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டதாக எவர் சொன்னாலும், அதன் கோணங்கள் அத்தீவுகளில் விழுகின்றனவா என்பதே அவருக்கு வைக்கும் முதற் சோதனைகளுள் ஒன்று.

கொலாஜன் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முப்புரி முறுக்கு நிலைத்தது. அது சென்னையின் வெற்றி. நேரான ஹைட்ரஜன் பிணைப்பு மூன்றுக்கு ஒன்றே என்பதும் நிலைத்தது. அது கேம்பிரிட்ஜின் வெற்றி. இரண்டாவது இணைப்பு நீர் மூலக்கூறு வழியாக அமையலாம் என்று இராமச்சந்திரன் பின்னர் எடுத்துரைத்தார். 1994இல் கொலாஜன் போன்ற ஒரு பெப்டைடின் படிக அமைப்பு வெளியானபோது, முப்புரியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் வலை பின்னி நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. பெரிதில் சரியாகவும் சிறிதில் தவறாகவும் இருந்த ஒருவர், அந்தச் சிறு தவறைத் துரத்திச் சென்றே முன்னதைவிடப் பெரியதைக் கண்டார். விஞ்ஞானத்தில் தோல்வி என்பது எதைக் குறிக்கும் என்று எனக்கு ஐயம் வரும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக் கொள்கிறேன்.

பெங்களூரும் பிற்காலமும்

1970இல் சென்னையை விட்ட இராமச்சந்திரன், சிலகாலம் சிகாகோவில் பணியாற்றினார். 1971இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப் பௌதிகப் பிரிவைத் தொடங்கினார். அதே ஆண்டில் இலட்சுமிநாராயணன் என்பவரோடு சேர்ந்து வேறொரு கணக்கையும் வெளியிட்டார். பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களைச் சேர்த்து உள்ளுருவத்தை விரைவாக வரைந்து காட்டும் முறை அது. மருத்துவமனைகளில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் படங்களுக்கு இத்தகைய கணக்குப் பெரிதும் பயன்பட்டது. வைரம் ஆராய்ந்தவர், தோல் ஆராய்ந்தவர், மூளைக்குள் பார்க்கும் கருவிக்கும் கணக்குத் தந்தார்! மூன்றும் வேறு வேறு துறைகள் என்று நமக்குத் தோன்றும். அவருக்கு மூன்றும் ஒன்றே: நிழலைக் கொண்டு உருவத்தை அறிதல்.

1961இல் பட்நாகர் பரிசும், 1977இல் லண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினர் பதவியும், 1999இல் படிகவியல் உலகின் எவால்டு பரிசும் அவரைத் தேடி வந்தன. நோபெல் பரிசு வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று சொல்வோர் பலர்.

வாழ்வின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனச்சோர்வு அவரை அவ்வப்போது கடுமையாக வாட்டியது. முதுமையில் நடுக்கு வாதமும் சேர்ந்தது. 1945 முதல் உடனிருந்து காத்த துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் இராமச்சந்திரன் காலமானார். பேரறிவு படைத்தவர்க்கும் மனம் நோயுறும். நோயுற்ற நாளில் துணையும் மருத்துவமும் தேவை. ஆராய்ச்சி என்ற பெயரில் உறக்கத்தையும் உணவையும் நட்பையும் துறக்கும் நம் தோழர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

நமக்கு என்ன?

செயற்கை உயிரியல் என்பது உயிரின் உறுப்புகளை வேண்டியவாறு அமைக்கும் முயற்சி. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர் கோபிந்த் குரானா ஒரு மரபணுவை முழுதும் இரசாயன முறையில் ஆக்கியதை 1970இல் அறிவித்தார். 2003இல் டேவிட் பேக்கர் என்னும் அமெரிக்கரின் குழு, இயற்கையில் இல்லாத மடிப்புடைய புரதத்தைக் கணிப்பொறியில் வரைந்து ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டியது. புதுப்புரதங்களை வகுத்ததற்காக 2024இல் அவருக்கு இரசாயன நோபெல் பரிசில் பாதி கிடைத்தது. புரத வடிவை முன்னறியும் கணிப்பொறி முறைக்காக ஹசாபிஸ், ஜம்பர் ஆகிய இருவர் மற்றப் பாதியைப் பெற்றனர். இவர்கள் எவரும் எந்தப் புரதத்தையும் நினைத்தபடி வளைக்க முடியாது. இயற்கை அனுமதிக்கும் கோணங்களுக்குள்தான் வளைக்க வேண்டும். அந்தத் தீவுகளின் படத்தை முதலில் வரைந்த இடம் கிண்டி.

இனி நம் ஊருக்கு வருவோம். பூஜப்புரையில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் உயிர்மருத்துவப் பிரிவில் நம் நாட்டு இருதய வால்வு உருவாயிற்று. 1990இல் முதன்முதலாக மனிதர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அறுவை மருத்துவர், உலோகம் அறிந்தவர், பிளாஸ்டிக் அறிந்தவர், இரத்தம் அறிந்தவர் எல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்ததால் அது கைகூடியது. பாப்பனங்கோட்டில் பொருள்களை ஆராயும் மத்திய நிலையம் இருக்கிறது. இராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் நகருக்குள்ளேயே இருக்கிறது. விதுரையில் விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிண்டிக்கு அருகில் தோல் நிலையம் இருந்தது போல நமக்கு அருகில் இத்தனை கதவுகள். நாம் எத்தனை கதவுகளைத் தட்டியிருக்கிறோம்? பெரும்பாலோர் பேருந்தில் போகும்போது பெயர்ப்பலகையைப் படித்ததோடு சரி.

வழி என்று கேட்டால், நான் அறிந்தவரை சொல்கிறேன். முதுகலை முடிக்குமுன் நெட், கேட் தேர்வுகளை எழுதுவது நல்லது. உதவித்தொகையோடு ஆராய்ச்சியில் புக அவை வாயில்கள். ஆனால் தேர்வு வாயில் வரைதான் கொண்டு விடும். உள்ளே நடக்க மூன்று கால்கள் வேண்டும். ஒன்று கணக்கு, கணிப்பொறி நிரல் எழுதுவதும் இன்று அதனுள் அடங்கும். இரண்டாவது, மூலக்கூறுகள் எப்படி அமைந்துள்ளன என்னும் அறிவு. மூன்றாவது, கையால் ஆய்வு செய்யும் பழக்கம். பௌதிகம் படிப்பவர் உயிரியல் வகுப்பின் பின்வரிசையில் ஒரு பருவம் அமர்ந்து பார்க்கலாம். உயிரியல் படிப்பவர் திசையன்களையும் அணிகளையும் அஞ்சாமல் கற்கலாம். விடுமுறையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவினாலும் கழுவலாம். குடுவை கழுவும் கைக்கு ஆய்வின் இயல்பு தெரியும். ஆராய்ச்சியே வேண்டாம் என்பவர்க்கும் மருந்து, நோயறியும் கருவி, நொதிப்பொருள் ஆகிய தொழில்களில் இதே மூன்றும் துணை நிற்கும்.

இந்தப் பாதையில் காத்திருப்பு நீண்டது என்பதையும் ஒளிக்கமாட்டேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதன் பின்னும் நிலையான இடம் உடனே கிட்டாது. வீட்டில் கடன் இருப்பவர், தங்கை திருமணம் காத்திருப்பவர் இதை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் வேறு வழி தேர்ந்தால் அது குற்றமாகாது. தேர்ந்து வந்தவர்கள் மட்டும் அரைமனத்தோடு வராதிருக்க வேண்டும்.

சென்ற விடுமுறையில் என் தந்தையாரிடம் இராமச்சந்திரன் கதையைச் சொன்னேன். திண்ணையில் அமர்ந்து முழுதும் கேட்டார். ரயில்வே தேர்வில் வேண்டுமென்றே தோற்ற இடம் வந்தபோது அவர் முகம் சற்றே சுருங்கியது. மனத்துக்குள் அந்தத் தந்தையின் பக்கம் நின்றிருப்பார். கதை முடிந்தபின், அந்தப் பெரியவர் மகனை மன்னித்தாரா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அடுத்த பருவத்துக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்குக் கிடைத்த விடை. நாற்காலி எங்கே என்பது இன்னும் எனக்குத் தெரியாது. வினா எங்கே இருக்கிறது என்பது தெரியத் தொடங்கியிருக்கிறது. தோழர்களே, நம் முன்னோர் ஒருவர் வினாவைப் பின்தொடர்ந்து எர்ணாகுளத்திலிருந்து திருச்சிக்கும், மின்சாரத்திலிருந்து வைரத்துக்கும், வைரத்திலிருந்து தோலுக்கும் நடந்தார். மலை கடந்து வந்த நமக்கு ஒரு துறையின் வேலியைக் கடப்பது அரிதா? நடப்போம், தட்டுவோம், கதவு திறக்கும்வரை தட்டுவோம்.